கடைசி கான்டிராக்டரின் ஆட்கள்

மனித உரிமைப் பயிற்சி என்ற பெயரில் இன்று நம் கம்பெனிகள் நடத்துகின்ற வைபவங்களில் சிலவற்றை நானே முன்னின்று நடத்திக் கொடுத்துச் சம்பாவனையும் பெற்றுக்கொண்டவன் ஆகையால், அவற்றைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு யோக்கியதையும், அவற்றைக் கேலி செய்வதில் ஓரளவு கூச்சமும் உண்டு. குளிரூட்டிய அறை, திரையில் ஓடும் படங்கள், பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கோத்தும், முடிவில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, அப்புறம் எல்லோருமாக நின்று ஒரு குரூப் போட்டோ என்று இந்தச் சம்பிரதாயம் ஸ்ரீபெரும்புதூரிலும் திருப்பூரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக நடந்தேறுகிறது. கிரேட் நிகோபார் தீவிலுள்ள கேம்பல் பேயிலும் அது ஒரு நாள் நடக்கத்தான் போகிறது. அப்போது அந்த அறையில் யார் உட்கார்ந்திருப்பார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்ற யோசனைதான் சில நாட்களாக என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பயிற்சிகளுக்கு மூலபுருஷர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜான் ரகியைத்தான் சொல்ல வேண்டும். அவர் வகுத்துக் கொடுத்து, ஐக்கிய நாடுகளின் மனித உரிமை கவுன்சில் 2011 ஜூன் மாதத்தில் ஏகமனதாக ஏற்றுக்கொண்ட 31 நெறிகளின் சாரம் மிகவும் எளிமையானது: பிரஜைகளின் உரிமைகளைக் காப்பது அரசாங்கத்தின் கடமை, அவற்றை மதித்து நடப்பது கம்பெனியின் பொறுப்பு, தீங்கு நேர்ந்துவிட்டால் பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைத்தாக வேண்டும். இதில் கம்பெனிக்காரர்களுக்கு அசௌகரியமான பகுதி எதுவென்றால், அந்தப் பொறுப்பு தங்கள் சம்பளப் பட்டியலோடு முடிந்துவிடுவதில்லை, தங்களுக்குச் சரக்கும் ஆளும் கொடுக்கிற சப்ளையர் வரைக்கும், அந்த சப்ளையருக்குச் சப்ளை செய்கிறவர் வரைக்கும் நீண்டுகொண்டே போகிறது என்பதுதான்.

நம் நாட்டில் 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட பொறுப்பான வணிக நடத்தைக்கான தேசிய வழிகாட்டு நெறிகள் ஒன்பதில் ஐந்தாவது, மனித உரிமையைப் பற்றியது. அந்த நெறிகளை அடியொற்றிப் பங்குச்சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021-ல் உத்தரவிட்டது. 2022-23 நிதியாண்டிலிருந்து அது கட்டாயமும் ஆயிற்று. அந்த அறிக்கையின் மனித உரிமை அத்தியாயத்தில் முதல் கேள்வியே பயிற்சியைப் பற்றியதுதான்: மொத்த ஊழியர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், சதவீதம் எவ்வளவு. நிரந்தர உத்தியோகஸ்தர், நிரந்தரமல்லாத உத்தியோகஸ்தர், நிரந்தரத் தொழிலாளி, நிரந்தரமல்லாத தொழிலாளி என்று அட்டவணையில் வரிசைகள் இருக்கின்றன. கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்க்கும் வினோதமான பழக்கம் உள்ளவர்கள் அந்த வரிசைகளை மேலிருந்து கீழாக ஒரு முறை வாசித்துப் பார்க்கலாம். நூறு சதவீதம் என்பது எங்கே கம்பீரமாக நிற்கிறது, வெறும் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பதைக் கவனித்தால், நான் சொல்ல வருவதில் பாதி அங்கேயே விளங்கிவிடும்.

சப்ளையர் விஷயத்தில் செபி ஒரு காலடி முன்வைத்தது, பின்னர் எடுத்துக்கொண்டது. மிகப் பெரிய 250 கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களைப் பற்றியும் விவரம் தர வேண்டும் என்று 2023-ல் சொல்லி, பிறகு ஒத்திவைத்து, 2025 மார்ச்சில் விருப்பமுள்ளவர்கள் தந்தால் போதும் என்று தளர்த்திவிட்டது. அதிலும், கொள்முதலில் தனித்தனியாக 2 சதவீதமாவது பங்குள்ள சப்ளையரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். லாரி வாடகைக்கு விடுகிறவர், ரம்பம் பிடிக்கும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வரும் மேஸ்திரி, தொழிலாளர் கொட்டகைக்குக் காய்கறி போடுகிறவர் ஆகியோர் யாரும் 2 சதவீதத்தைத் தொடப்போவதில்லை. ஆனால் காட்டுக்குள் போகிறவர்கள் அவர்கள்தாம்.

பயிற்சி என்பதே வெறும் வேஷம் என்று சொல்பவன் அல்ல நான். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே அதற்கு நேர்மாறான திருஷ்டாந்தம் இருக்கிறது. வேடசந்தூருக்குப் பக்கத்தில் கைத்தியன்கோட்டையில் உள்ள நாச்சி அப்பாரல்ஸ் என்ற ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருத்தி 2021 ஜனவரியில் கொலையுண்டு, அவளுடைய மேற்பார்வையாளர்மீது வழக்கும் ஏற்பட்டபோது, அந்த ஆலையிலும் பாலியல் சீண்டல் தடுப்பு பற்றிய சுவரொட்டிகளுக்கோ, வெளிநாட்டு பிராண்டுகளின் நடத்தை விதிகளுக்கோ, தணிக்கைச் சான்றிதழ்களுக்கோ பஞ்சம் இருந்திருக்காது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட கால இடைவெளிகளில் ஊழியர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும் என்று தன் 19-ஆவது பிரிவில் முதலாளிக்குக் கட்டளையே இடுகிறது. கட்டளை இருந்தும் காப்பு இல்லை என்பதைக் கண்ட பிறகு, பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டணியும், ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், எச் அண்ட் எம் கம்பெனியும் 2022 ஏப்ரலில் செய்துகொண்டதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். கேப், பிவிஎச் ஆகிய கம்பெனிகளும் அதில் சேர்ந்துகொண்டன.

அந்த ஒப்பந்தத்திலும் பயிற்சி உண்டு. தொழிலாளி, சூப்பர்வைசர், மேலதிகாரி ஆகிய எல்லோருக்கும் உண்டு. ஆனால் பயிற்சியை நடத்துவதில் தொழிற்சங்கத்துக்குக் கை இருக்கிறது. தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட கண்காணிப்பாளர்கள் தளத்திலேயே நின்று, கண்டதைச் சொல்லவும் கேட்டதைத் தட்டிக்கேட்கவும் அதிகாரம் பெற்றிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவரைப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் சரக்கு வாங்கும் பிராண்டுகள் வியாபார ரீதியாகவே அதற்கு விலை வைக்கக் கடமைப்பட்டிருக்கின்றன. கற்றுக்கொண்டதை உபயோகிக்கிற அதிகாரம் கற்றவரின் கையில் இருந்தால் அது பயிற்சி, இல்லாவிட்டால் உபந்நியாசம் என்ற பேதத்தை எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் கற்பிக்கவில்லை, அந்த ஆலைதான் கற்பித்தது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு கேம்பல் பேக்கு வருவோம். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் பெயர் மாறிய போர்ட் பிளேரில் கப்பல் ஏறி, கார் நிகோபார், கச்சால், கமோர்ட்டா என்று ஒவ்வொரு துறையிலும் நின்று நின்று போனால் வந்து சேரும் கடைசி ஊர் அது. கிரேட் நிகோபார் தீவின் தலைமை ஊர். வழியிலுள்ள கச்சாலின் ரப்பர் தோட்டத்தில், சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து திரும்பிய நம் மலையகத் தமிழர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். கேம்பல் பேயிலோ 1969 முதல் பஞ்சாபியரும் மராட்டியரும் மலையாளியும் தெலுங்கரும் தமிழருமாக, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுமார் 330 பேரின் குடும்பங்களை அரசாங்கம் கொண்டுவந்து இறக்கியது. என் பெரியப்பா அவர்களில் ஒருவர். காட்டைத் திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தது வரைக்கும் விஸ்தாரமாகப் பேசும் அவர், அந்தக் காடு அதற்கு முன்பு யாருடையது என்று நான் கேட்டால் மட்டும், "சர்க்கார் கொடுத்ததுடா தம்பி" என்று மூன்றே சொல்லில் முடித்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் ஒரு வகுப்பு நடத்தவில்லை.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி அந்தத் தீவில் மொத்தம் 8,067 பேர். அவர்களில் காட்டில் வாழும் பழங்குடியினரான ஷொம்பென்கள் 229 பேர். மற்றொரு பழங்குடியினரான நிகோபாரிகளோ, தீவின் மேற்கிலும் தெற்கிலும் கடலோரக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் உற்றாரையும் ஊரையும் ஒருசேர இழந்து, சர்க்காரால் கேம்பல் பேயை ஒட்டிய ராஜீவ் நகரிலும் நியூ சிங்கேனிலும் தகரக் கூரைகளின் கீழ் அமர்த்தப்பட்டு, அன்று முதல் இன்று வரை தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப அனுமதி கேட்டுக்கொண்டே இருப்பவர்கள். இந்த 910 சதுர கிலோமீட்டர் தீவில் 166.10 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு, கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம் ஆகியவற்றைக் கட்டும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது. பழங்குடிக் காப்பு நிலத்திலிருந்து 84.10 சதுர கிலோமீட்டர் போகிறது. வெட்டப்படவிருக்கும் மரங்கள் 9.64 லட்சம் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. முப்பது ஆண்டுகளில் ஜனத்தொகை மூன்றரை லட்சமாகும் என்பது மதிப்பீடு. எட்டாயிரம் பேர் வாழ்ந்த தீவுக்கு இத்தனை பேர் வருவதற்கு முன்னால், அதையெல்லாம் கட்டுவதற்கென்று வேறொரு கூட்டம் வந்தாக வேண்டும் அல்லவா? அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

திட்டத்தின் கர்த்தா அனிட்கோ என்கிற அண்டமான் நிகோபார் தீவுகள் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம். 1988-ல் பிறந்து, தீவுகளுக்குப் பெட்ரோலும் பாலும் மதுபானமும் விற்று, டூரிஸ்டுகளுக்கு விடுதிகளும் நடத்திவந்த அந்த அரசுக் கம்பெனியின் தோளில் ஆசியாவின் பெரிய துறைமுகங்களோடு போட்டியிடும் காரியம் ஏறியிருப்பதை நினைத்தால் எனக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கிறது. அது பங்குச்சந்தையில் இல்லை. ஆகவே செபியின் அட்டவணையும் அதற்கு இல்லை. நாளைக்குப் பெரிய கட்டுமானக் கம்பெனிகள் வந்தால் அவற்றுக்கு அட்டவணை உண்டு, ஆனால் அவற்றின் சப் கான்டிராக்டருக்கு இல்லை, அவருக்குக் கீழே இருப்பவரைப் பற்றிக் கேட்பாரே இல்லை.

இப்போது என் மைத்துனர் மகனின் கதை. மண் பரிசோதனை செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் அந்தப் பையன், அடுத்த பருவத்தில் கேம்பல் பேக்குப் போக நேரலாம் என்று அறிந்து, "மாமா, எனக்கு மனித உரிமை டிரெய்னிங் எல்லாம் கொடுத்துவிட்டார்கள்" என்று சிரித்துக்கொண்டே சான்றிதழைக் காட்டினான். இணையத்தில் ஓர் ஆங்கிலப் பாடம், கடைசியில் சில கேள்விகள், தப்பாகச் சொன்னால் மறுபடியும் சொல்லலாம். குழந்தைத் தொழிலாளர் கூடாது, லஞ்சம் கூடாது, சக ஊழியரை இழிவாகப் பேசக் கூடாது என்று எல்லாம் அதில் இருந்தன. எதையும் மறுக்க முடியாது. "ஷொம்பென் என்ற வார்த்தை எங்கேயாவது வந்ததா?" என்று கேட்டேன். "அப்படி என்றால் என்ன மாமா?" என்றான்.

அந்தக் கேள்வி அபாயகரமானது என்று நான் பயப்படுவதற்குக் காரணம் வடக்கே, தெற்கு அண்டமானிலும் மத்திய அண்டமானிலும் இருக்கிறது. ஜாரவாப் பழங்குடி மக்களின் காட்டை ஊடுருவிக்கொண்டு அண்டமான் டிரங்க் ரோடு போடப்பட்டபோது, ரோடு போட்ட கூலியாட்களும் அதைத் தடுத்த ஜாரவாக்களும் இரு தரப்பிலும் உயிரிழந்தார்கள். 1997-ன் கடைசியில் ஜாரவாக்கள் பகை நீங்கி வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அந்த ரோட்டைக் காப்புப் பகுதியில் மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொல்லியும் ரோடு மூடப்படவில்லை. மாறாக, ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போலீஸ் காவலோடு, நிற்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கைகளோடு அனுப்பும் ஏற்பாடுதான் இருந்தது. பாராடாங் குகையைப் பார்க்கப் போகும் டூரிஸ்டு ஒவ்வொருவருக்கும் அந்த எச்சரிக்கை காதில் விழத்தான் செய்தது. இருந்தும் 2012 ஜனவரியில் என்ன படம் உலகெங்கும் ஓடியது? தின்பண்டத்துக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் படம். பழங்குடிகளைக் காக்கும் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தை 2012-லேயே திருத்தி, 7 ஆண்டு வரை சிறை என்று கடுமையாக்க வேண்டியிருந்தது.

அங்கே எச்சரிக்கைக்குக் குறைவே இல்லை. ஆனால் டிரைவரின் ஜீவனம், வண்டியில் இருப்பவர்களுக்கு ஜாரவாக்களைக் காட்டுவதில்தான் இருந்தது. பிழைப்பு ஒரு பக்கம் இழுக்க, பாடம் மறுபக்கம் இழுத்தால், எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. இதையே ஷொம்பென்கள் விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். வெளியாரின் சாதாரணச் சளியும் காய்ச்சலும் அவர்களுக்கு உயிர் வாங்கும் வியாதி ஆகலாம். ஆகையால் காய்ச்சல் உள்ளவன் அன்றைக்குக் காட்டுக்குள் போகக் கூடாது என்பதுதான் கேம்பல் பேயில் எந்த மனித உரிமைப் பயிற்சிக்கும் முதல் பாடமாக இருக்க வேண்டும். சரி, போகாதவனுக்கு அன்றைய கூலி உண்டா? கடைசி கான்டிராக்டரின் ஆளுக்கு நாள் கூலிதான். கூலி இல்லை என்றால் அவன் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். ஆகவே அந்தப் பாடம் நடக்க வேண்டிய இடம் வகுப்பறையே அல்ல. நோய் வந்தால் கூலியோடு ஓய்வு என்று டெண்டர் ஷரத்தில் எழுதி, அந்தச் செலவை மேலே உள்ள கம்பெனி தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். காட்டில் ஷொம்பென் குடிசையோ, வேட்டைத் தடமோ தென்பட்டால் ஓட்டுகிற மெஷினை அங்கேயே நிறுத்துகிற அதிகாரமும், நிறுத்தியதற்காக வேலை போகாது என்ற எழுத்துபூர்வமான உறுதியும் அந்த ஆபரேட்டருக்கு வேண்டும். கைத்தியன்கோட்டையில் தையல்காரப் பெண்ணுக்குக் கிடைத்த அதிகாரம் அதுதான்.

வரப்போகும் ஆட்கள் யார் என்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அண்டமானில் காடு வெட்டவும் ரோடு போடவும் பிரிட்டிஷார் காலத்திலிருந்தே சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட உராவ், முண்டா, காரியா மக்களை அங்கே 'ராஞ்சிக்காரர்' என்கிறார்கள். சொந்த ஊரில் பழங்குடி என்ற அந்தஸ்து உள்ளவர்கள். தீவுகளில் அந்த அந்தஸ்து இன்னும் கிடைக்காதவர்கள். தன் காட்டை இழந்து வந்தவனைக் கொண்டு மற்றொருவனின் காட்டை வெட்டச் செய்வதும், அவனையே உட்கார்த்திப் பழங்குடி உரிமையைப் பற்றிப் பாடம் நடத்துவதும் எவ்வளவு விசித்திரமான காரியம்! அவனிடம் பாடம் கேட்க வேண்டியவர்கள் நாம்தான் என்று எனக்குப் படுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் தொழிலுக்கே விரோதமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கூலியாளின் நடத்தை முக்கியந்தான்; ஆனால் அவன் அந்தக் காட்டுக்குள் எந்தச் சம்மதத்தின் பேரில் நுழைகிறான் என்பது அதைவிட முக்கியம். 2022 ஜனவரி 27-ஆம் தேதி கேம்பல் பேயில் பொது விசாரணை நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் லிட்டில் நிகோபார், கிரேட் நிகோபார் பழங்குடிக் கவுன்சிலிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் பெறப்பட்டது. நவம்பரில் கவுன்சில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த ஊர்களின் நிலமும் திட்டத்துக்குள் அடங்குகிறது என்பது தங்களுக்கு விளக்கப்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது, 2015-ல் அரசே வெளியிட்ட ஷொம்பென் கொள்கை பெரிய திட்டங்களின்போது யாருடைய நலனை முன்னிறுத்தச் சொல்கிறது, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் அதற்கு என்ன மதிப்பு என்பவையெல்லாம் ரம்பக்காரன் படிக்க வேண்டிய பாடங்கள் அல்ல. அவற்றைப் படிக்க வேண்டியவர்கள் டெண்டர் எழுதுகிறவர்கள், கடன் கொடுக்கிற வங்கிக்காரர்கள், ஆய்வறிக்கை தயாரிக்கும் ஆலோசனைக் கம்பெனிகள், கையெழுத்து வாங்கப் போகிற உத்தியோகஸ்தர்கள். அவர்களுக்கு யாரும் வருகைப் பதிவேட்டை நீட்டுவதில்லை. சம்மதம் தீராத நிலத்துக்குள் நுழைந்த பிறகு, நுழைந்தவனுக்கு நல்ல நடத்தை கற்பிப்பது மரியாதைப் பயிற்சியே ஒழிய உரிமைப் பயிற்சி ஆகாது.

சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளில் மூன்று கண்காணிப்புக் குழுக்கள் உண்டு; ஒன்று மாசு பற்றி, ஒன்று உயிரினங்கள் பற்றி, மூன்றாவது ஷொம்பென், நிகோபாரி மக்களின் நலன் பற்றி. அந்த மூன்றாவது குழு எதைக் கண்காணித்தது என்பதை ராஜீவ் நகரில், நிகோபாரிக் கிராமங்களின் தலைவர்களான கேப்டன்கள் எல்லோரையும் உட்காரவைத்து, அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்டட்டும் என்பது என் யோசனை. கான்டிராக்ட் எடுக்க வரும் ஒவ்வொரு கம்பெனியின் மேலதிகாரியும், வேலை ஆரம்பிப்பதற்கு முன் அந்தக் கூட்டத்தில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை ஷரத்தாகவே வைக்கலாம். பேசுவது கேப்டன்களாகவும், குறிப்பெடுப்பது கம்பெனியாகவும் இருக்கட்டும். டீயும் பிஸ்கோத்தும் வேண்டுமானால் இருக்கட்டும். 2022 நவம்பரில் நாங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் எங்கே என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். அதற்கு யார் எழுந்து பதில் சொல்லப்போகிறார் என்பதைக் கம்பெனிகள் கப்பல் ஏறுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொண்டு போவது நல்லது.